புளோரிடாவில் நடந்தது யாருடைய போர்?

வணக்கம் நேயர்களே.

அமெரிக்காவின் தெற்கு மூலையில் இருக்கும் புளோரிடா மாநிலத்தில், மயாமி நகரம் அடங்கிய மாவட்டத்துக்கு மயாமி-டேட் என்று பெயர். இந்த டேட், ஃபிரான்சிஸ் டேட் என்ற ராணுவ மேஜர். 1835 டிசம்பர் 28ஆம் தேதி, நூற்றுச் சொச்சம் சிப்பாய்களோடு டாம்பா பக்கமிருந்து உள்நாட்டுக் கோட்டை ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். நல்ல குளிர். தோட்டாப் பெட்டி இடுப்பில் இருக்க, அதற்கு மேல் கனத்த கோட்டை மாட்டிப் பொத்தானும் போட்டிருந்தார்கள் சிப்பாய்கள். பைன் மரங்களுக்கும் புதருக்கும் பின்னால் பதுங்கியிருந்த, செமினோல் என்ற பூர்வகுடி வீரர்கள் சுட்டார்கள். தொடக்கத்திலேயே டேட் விழுந்தார். மற்றவர்கள் பொத்தானைக் கழற்றித் தோட்டாவை எடுப்பதற்குள் படையில் பாதி சாய்ந்துவிட்டது. உயிர் தப்பியவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இரண்டாம் செமினோல் போர் இப்படித்தான் தொடங்கியது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். தவறில்லை. ஆனால் அதே நாட்களில் கிழக்குக் கரையோரச் சர்க்கரைத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான கறுப்பின அடிமைகள் எஜமானர்களை விட்டு ஓடி, செமினோல்களோடு சேர்ந்து அந்தத் தோட்டங்களுக்கே தீ வைத்தார்கள். இந்தப் பாதியைப் பலரும் சொல்வதில்லை. என்னைக் கேட்டால், போரின் உயிர்நாடியே அங்கேதான் இருக்கிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். புளோரிடா அப்போது ஸ்பெயினின் கையில் இருந்தது. வடக்கே ஆங்கிலேயக் குடியேற்றங்களிலிருந்து தப்பி வரும் அடிமைகள் கத்தோலிக்கராக மாறினால் விடுதலை என்று 1693இல் ஸ்பெயின் மன்னர் ஆணையிட்டார். கருணை என்று நினைக்க வேண்டாம், எதிரியின் கூலியாட்களைக் கழற்றிவிடும் கணக்கு அது. ஆனாலும் அதன் பலனாக 1738இல் செயின்ட் அகஸ்டின் நகருக்கு வடக்கே மோசே கோட்டை எழுந்தது. இன்றைய அமெரிக்க மண்ணில், சட்டத்தின் ஒப்புதலோடு சுதந்திரக் கறுப்பர்கள் வாழ்ந்த முதல் ஊர் அது. அதன் காவல்படைத் தலைவர் ஃபிரான்சிஸ்கோ மெனெண்டஸ், ஒரு காலத்தில் அடிமையாக இருந்தவர்.

அப்புறம் செமினோல்கள் வந்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஜார்ஜியா, அலபாமா பக்கமிருந்து இறங்கிய க்ரீக் பூர்வகுடிகளின் வழிவந்தவர்கள். தப்பி வந்த கறுப்பர்கள் இவர்களுக்கு அருகில் தனிக் கிராமங்கள் அமைத்துக்கொண்டார்கள். விளைச்சலில் ஒரு பங்கைச் செமினோல் தலைவருக்குக் கொடுப்பார்கள். மற்றபடி அவர்கள் பாடு அவர்களோடு. துப்பாக்கியும் வைத்திருந்தார்கள். ஜார்ஜியாவின் தோட்ட முதலாளிகளுக்கு இதைவிட வயிற்றெரிச்சல் வேறென்ன வேண்டும்?

1816இல் அபலாச்சிகோலா ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஆங்கிலேயர்கள் கட்டி, ஆயுதங்களோடு விட்டுப்போன கோட்டை ஒன்று கறுப்பர்கள் வசம் இருந்தது. சுற்றிலும் அவர்களுடைய வயல்கள். இத்தனைக்கும் அது ஸ்பெயின் மண். ஜூலை 27ஆம் தேதி அமெரிக்கப் பீரங்கிப் படகுகள் ஆற்றில் ஏறி வந்தன. நெருப்பில் பழுக்கக் காய்ச்சிய ஒரு குண்டு நேராக வெடிமருந்துக் கிடங்கில் விழுந்தது. ஆண், பெண், குழந்தை என்று சுமார் 270 பேர் அந்த ஒரே வெடிப்பில் செத்தார்கள். பிழைத்தவர்களில் பலரை மறுபடியும் அடிமைகளாக்கினார்கள். அடுத்து முதல் செமினோல் போர், அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் படையெடுப்பு. 1821இல் புளோரிடா அமெரிக்காவின் கைக்கு வந்தது.

இனி ஜெனரல் ஜெசப். இரண்டாம் போரை அமெரிக்கத் தரப்பில் நடத்திய இவர் 1836 டிசம்பரில் எழுதிய கடிதத்தில், இது இந்தியர் (அதாவது பூர்வகுடிகள்) யுத்தம் அல்ல, கறுப்பர் யுத்தம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். 1837 மார்ச்சில் உடன்பாடும் செய்தார்: செமினோல்கள் புளோரிடாவை விட்டு மேற்கே போகலாம், கூட இருக்கும் கறுப்பர்களும் போகலாம். தோட்ட முதலாளிகள் கூச்சல் போட்டார்கள், ஜெசப் பின்வாங்கினார், போர் மறுபடி மூண்டது. அந்த அக்டோபரில் வெள்ளைக் கொடியோடு பேச்சுவார்த்தைக்கு வந்த செமினோல் போர்த் தலைவர் ஒசியோலாவைப் பிடித்துப்போட்டார்கள். அப்போதே அமெரிக்காவில் பலர் காறித் துப்பிய காரியம் இது. மூன்று மாதத்தில் ஒசியோலா சிறையிலேயே இறந்தார். ஆனால் செயின்ட் அகஸ்டின் கோட்டைச் சிறையிலிருந்து நவம்பரில் ஒரு கூட்டமே தப்பியது. அதில் செமினோல் தலைவர் கோவாகூச்சியும் இருந்தார், கறுப்புச் செமினோல்கள், அதாவது செமினோல்களோடு சேர்ந்து வாழ்ந்த கறுப்பர்கள், அவர்களின் தலைவர் ஜான் ஹார்ஸும் இருந்தார். பின்னாளில் இருவரும் மக்களோடு மெக்சிகோவுக்கே போய்விட்டார்கள், அங்கே அடிமை முறை கிடையாது என்பதால்.

1842இல் போர் ஓய்ந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமா பக்கம் துரத்தப்பட்டிருந்தார்கள். 1845இல் புளோரிடா அடிமை மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது. 1860 கணக்கெடுப்பில் அங்கிருந்த சுமார் 1,40,000 பேரில் ஏறக்குறைய 62,000 பேர் அடிமைகள்.

இன்னொரு செய்தி. 1823இல் செமினோல்களோடு அமெரிக்கா செய்த ஒப்பந்தம் அவர்களுடைய நிலத்தின் பெரும்பகுதியைப் பிடுங்கியது. தப்பி வரும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. அந்த நிலத்துக்கு நஷ்டஈடாக 1976இல் 1 கோடியே 60 லட்சம் டாலர் வழங்கத் தீர்ப்பானது. வட்டியோடு அது 5 கோடியைத் தாண்டி வளர்ந்தது. பணம் யாருக்கு? 1823 செப்டம்பர் 18 அன்று புளோரிடாவில் இருந்த செமினோல் சமூகத்தின் வாரிசுகளுக்கு. அன்றைக்குக் கறுப்பர்கள் அந்தச் சமூகத்தின் உறுப்பினர்களே அல்ல என்று சொல்லி, ஓக்லஹோமாவில் வாழும் கறுப்புச் செமினோல்களை ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் வழக்குப் போட்டார்கள். செமினோல்களின் பழங்குடி அரசை அதன் சம்மதமில்லாமல் வழக்கில் இழுக்க முடியாது, அது இல்லாமல் வழக்கும் நடக்காது என்று நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவே இல்லை.