முனிக்கு நேர்ந்த சேவல்

வணக்கம். அடிபட்ட சேவலை வீட்டில் வைத்துத் தேற்றுவது பற்றிப் பேச வேண்டும் என்று வானொலியிலிருந்து கூப்பிட்டபோது, நான் மிருக வைத்தியர் இல்லையே, ஓய்வுபெற்ற தோட்டப் பள்ளிக்கூட டீச்சர்தானே என்றேன். உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும் என்றார்கள். சரி, சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் நுவரெலியாவை அடுத்த நானுஓயாப் பக்கம். தம்பி மகன் காய்ச்சலில் கிடந்தபோது அம்மா முனியாண்டிக்கு ஒரு சேவலை நேர்ந்து விட்டிருந்தார். செவலை நிறம், நல்ல கொண்டை. ஜனவரி மாதப் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளில், பொழுது சாயும் நேரம், தேயிலைக்குள் மேய்ந்துகொண்டிருந்த அதை ஒரு நாய் கவ்விவிட்டது. தம்பி கல்லெறிந்து விரட்டிவிட்டுத் தூக்கிவந்தான். முதுகுத் தோல் உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்து தொங்கியது. தொடையில் பல் இறங்கிய துளைகள் இரண்டு.

லயம் என்பது சுவரோடு சுவர் ஒட்டிய தோட்ட வரிசை வீடுகள், அதில் ஒரு வீட்டில் ஏதாவது என்றால் பத்து வீட்டு வைத்தியமும் வாசலுக்கு வந்துவிடும். வாயில் ரெண்டு சொட்டு சாராயம் விடு என்றார் ஒருவர். மஞ்சளைத் தேங்காயெண்ணெயில் குழைத்து அப்பு என்றார் இன்னொருவர். அறுத்துக் குழம்பு வை என்ற வைத்தியமும் வந்தது, அதைச் சொன்னவரை அம்மா பார்த்த பார்வையில் அவர் வீட்டுக்கே போய்விட்டார்.

நான் முதலில் பார்த்தது சூட்டை. நமக்கு உடம்புச் சூடு 37 பாகை என்றால் கோழிக்கு 41, 42. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், நாங்கள் அதற்குக் கொஞ்சம் கீழே. ஜனவரி இரவில் எங்கள் குளிர் எப்படி என்று மலைநாட்டு நேயர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரத்தம் போன பறவை அந்தக் குளிரில் விடியும் வரை தாங்காது. சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து இரத்தத்தை நிறுத்தினேன். பிறகு அட்டைப் பெட்டியில் பழைய படங்குத் துணியை மடித்துப் போட்டு, சுடுதண்ணீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, மேலே துணியால் மூடினேன். இருட்டாக இருந்தால் கோழி அடங்கிவிடும். அம்மா அடுப்படியில் வைக்கச் சொன்னார். சூடு இருக்கிறதுதான், ஆனால் விறகுப் புகையும் இருக்கிறதே. கோழியின் நுரையீரலுக்குப் புகை ஆகவே ஆகாது.

தம்பி பாசத்தில் அதை நெஞ்சோடு இறுக்கி அணைத்திருந்தான். கோழிக்கு நம்மைப் போல மூச்சை இழுக்க உதவும் உதரவிதானம் கிடையாது, நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. இறுக்கிப் பிடித்தாலே மூச்சுத் திணறிச் செத்துப்போகும். வாயைப் பிளந்து தண்ணீரோ சாராயமோ ஊற்றுவதும் அப்படித்தான். மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது, ஊற்றியது நேராக அதற்குள் போகும். அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் போதும், தானே நக்கிக்கொள்ளும்.

சூடேறி, கண் திறந்து பார்த்த பிறகுதான் காயத்தைக் கழுவினேன். ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, தேக்கரண்டிக் கணக்கில் தட்டையாக இரண்டுக்குச் சற்றுக் குறைவு. காயத்தைச் சுற்றியிருந்த இறகுகளைக் கத்தரித்துவிட்டு ஊற்றி ஊற்றிக் கழுவினேன். பிறகு பொவிடோன் அயடின் என்ற கிருமிநாசினியைப் பிளேன்டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்து தொட்டு வைத்தேன். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் அப்பச் சொன்னதை நான் கேட்காததற்குக் காரணம், எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொண்டு குளிரைத் தடுக்காது. நாய்ப்பல் துளையைத் தைத்து மூடவும் கூடாது. வெளியே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழம், மூடினால் அங்கேயே சீழ் கட்டும்.

போயா என்பதால் மிருக வைத்திய அலுவலகம் பூட்டு. மறுநாள் கொண்டுபோனோம். வைத்தியர் மருந்து கொடுக்கும் முன் கேட்ட முதல் கேள்வி, "இது சாப்பிடும் கோழியா?" அம்மா மெதுவாக, "முனிக்கு நேர்ந்தது ஐயா" என்றார். அப்படியென்றால் தான் சொல்லும் நாள் வரை அறுக்கக் கூடாது, மருந்து இறைச்சியில் தங்கியிருக்கும் என்றார் அவர். மனிதருக்கு வாங்கிய மாத்திரையை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார்.

முதல் நாள் ஜீவனி, அதாவது வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச்சர்க்கரைப் பொடி, கரைத்த தண்ணீர் மட்டும். இரண்டாம் நாள் அவித்த முட்டையின் மஞ்சள் கரு. கோழிக்கே முட்டையா என்று தம்பி மகன் விழுந்து விழுந்து சிரித்தான். தின்கிறது, கொத்துகிறது, நல்லதுதானே. தினமும் விடியற்காலையில் கழுத்தடித் தீனிப்பையைத் தொட்டுப் பார்ப்பேன், இரவு தின்றது இறங்கி அது காலியாக இருக்க வேண்டும். எச்சம் பச்சைத் தண்ணீராக இருந்தவரை வயிற்றில் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது. நான்காம் நாள் கெட்டியாகி வெள்ளைத் தொப்பி போட்டபோது எனக்கு நிம்மதி. வெயில் காலமாக இருந்திருந்தால் ஈ மொய்த்துப் புழு வைக்காமல் பார்ப்பதே பெரிய வேலையாகியிருக்கும்.

அப்புறம் வெளியே விடும் பிரச்சினை. இரத்தக் கறை கண்டால் மற்றக் கோழிகள் கொத்திக் கொத்தியே கொன்றுவிடும். போதாததற்கு ஒரு சின்னச் சேவல் அதற்குள் வாசலைத் தன் ராச்சியமாக்கியிருந்தது. அம்மாவின் பழைய மூங்கில் கொழுந்துக் கூடையைத் தேடியெடுத்து, பகலில் அதைக் கவிழ்த்துச் சேவலை அதன் கீழ் வைத்தோம். இடுக்கு வழியாக ஒன்றையொன்று பார்த்துப் பழகியது. தோல் முழுதாக மூடியபின்தான் கூடையை எடுத்தோம்.

ஆனால் தொடைக் காயத்தால் ஒரு கால் இழுத்துக்கொண்டது. ஊனப்பட்டது சாமிக்கு ஆகாது என்று அம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார். முனிக்கு வேறு சேவல் வாங்கினோம். இது நொண்டிக்கொண்டே வாசலில் ராஜாவாக இருக்கிறது.

கூவத் தொடங்கியதும் எட்டாம் நாள்தான், அதுவும் வீட்டுக்குள் பெட்டியில் இருந்தே. லயத்துச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரியும். விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கப் போகும் அடுத்த காம்பராப் பெண் கதவைத் தட்டினாள். "டீச்சர், பெரட்டுக்கு நேரமாச்சுன்னு எழும்பி ரொட்டி சுட்டு முடிச்சிட்டேன். இப்பதான் மணியைப் பார்க்கிறேன், ரெண்டரை!"