இரண்டாவது மெயினிலிருந்து வந்த 120 பேர்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, 1863 மே மாதக் கடைசியில், வர்ஜீனியாவில் முகாமிட்டிருந்த 20ஆவது மெயின் காலாட்படை ரெஜிமெண்டுக்கு, ஏறக்குறைய 120 பேர் காவலர்கள் சூழக் கைதிகளைப்போல் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் எதிரிகள் அல்லர். அதே மெயின் மாநிலத்தின் 2ஆவது ரெஜிமெண்டில் இரண்டு ஆண்டுகள் போரிட்டவர்கள். தோழர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட, இவர்கள் மட்டும் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்ததால் நிறுத்திவைக்கப்பட்டார்கள். ஏமாற்றப்பட்டதாக எண்ணி ஆயுதம் ஏந்த மறுத்தார்கள். பணியாவிட்டால் சுட்டுவிடலாம் என்ற உத்தரவும் அவர்களோடு சேர்ந்தே வந்தது.

அவர்களை ஏற்றுக்கொண்ட கர்னல், ஜோஷுவா லாரன்ஸ் சேம்பர்லென். அவருக்கு அப்போது வயது 34. ஓராண்டுக்கு முன்புவரை அவர் பௌடன் கல்லூரியில் பேச்சுக்கலையும் நவீன மொழிகளும் கற்பித்த பேராசிரியர். 1862 கோடையில் லிங்கன் மூன்று லட்சம் தன்னார்வலர்களைக் கேட்டபோது, ஐரோப்பாவில் படிக்கவென்று கல்லூரி அளித்திருந்த இரண்டாண்டு விடுப்பைத் துறந்து, ஆளுநருக்கு எழுதிப் படையில் சேர்ந்தார். போர்க்கலையில் தமக்குத் தெரியாததைக் கற்றுக்கொள்ளத் தெரியும் என்பது அக்கடிதத்தில் அவர் சொன்ன தகுதிகளில் ஒன்று. ஆளுநர் கர்னல் பதவியையே தர முன்வந்தும், முதலில் ஒருவரின்கீழ் பழக வேண்டும் என்று லெப்டினன்ட் கர்னல் பதவியைத்தான் கேட்டு வாங்கினார். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பயின்ற அடெல்பர்ட் ஏம்ஸ் பகலில் கடுமையாகப் பயிற்சி அளிக்க, இரவில் போர்முறை நூல்களைப் படித்தார். அந்த டிசம்பரில் ஃபிரெடரிக்ஸ்பர்க் போர்க்களத்தில், உறையும் குளிரில் மாண்டவர்களின் உடல்களையே தடுப்பாக வைத்துக்கொண்டு ஓர் இரவைக் கழித்தார். அவ்விரவு கற்பித்ததை எந்த நூலும் கற்பித்திருக்காது.

தன்னார்வ ரெஜிமெண்டு என்பது நிரந்தரப் படையைப்போன்றது அன்று. உழவர்களும் மரம் வெட்டுபவர்களும் மீனவர்களும் கடைக்காரர்களும் ஊரோடு ஊராகச் சேர்ந்து எழுதிக்கொடுத்து வந்த படை அது. சுடச் சொல்லும் அதிகாரம் கையில் இருக்கலாம். ஆனால் அந்த 120 பேரில் ஒருவரைச் சுட்டிருந்தாலும், அவர்களுடைய ஊர்க்காரர்கள் நிரம்பிய ரெஜிமெண்டு அதை எப்படி மறக்கும்?

சேம்பர்லென் மேலதிகாரியைக் கண்டு, அவர்களைத் தம் வழியில் நடத்த அனுமதி பெற்றார். காவலர்களை அனுப்பிவிட்டார். பல நாள் பட்டினியில் இருந்தவர்களுக்கு முதலில் சாப்பாடு போடச் சொன்னார். ஒரே கும்பலாக வைக்காமல், ரெஜிமெண்டின் சிறு பிரிவுகளான கம்பெனிகளுக்குப் பிரித்துச் சேர்த்தார். அவர்களுடைய குறையை ஆளுநருக்கு எழுதுவதாகச் சொன்னார், எழுதவும் செய்தார். ஒரு சிலரைத் தவிர அனைவரும் துப்பாக்கியைக் கையில் எடுத்தார்கள். சேம்பர்லெனின் போர் வாழ்க்கையில் கெட்டிஸ்பர்க் போரைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் இந்த மே மாதத்தைத்தான் அதன் நடுவில் வைப்பேன்.

ஏனென்றால், 1863 ஜூலை 2ஆம் நாள், கெட்டிஸ்பர்க்கில் லிட்டில் ரவுண்ட் டாப் என்னும் பாறைக் குன்றின்மேல் லிங்கனின் வடக்கு அணியின் இடது கோடியில் நிறுத்தப்பட்ட 20ஆவது மெயினில் இருந்தவர்கள் 400 பேருக்கும் குறைவு. என்ன நேர்ந்தாலும் இந்த இடத்தைவிட்டு நகரக் கூடாது என்று பல ரெஜிமெண்டுகள் சேர்ந்த பிரிகேடின் தளபதி ஸ்ட்ராங் வின்சென்ட் சொல்லிப் போனார். அன்றே குண்டடி பட்டு, சில நாளில் அவர் உயிர் பிரிந்தது. தெற்கு அணியில் வில்லியம் ஓட்ஸின் 15ஆவது அலபாமா ரெஜிமெண்டு மீண்டும் மீண்டும் ஏறிவந்தது. சேம்பர்லென் தம் வரிசையை நீட்டி, இடப்பக்கத்தைப் பின்னுக்கு மடக்கி நிறுத்தினார். அக்காலத் துப்பாக்கியில் ஒவ்வொரு தடவையும் காகிதத் தோட்டாவைப் பல்லால் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். ஆளுக்கு 60 தோட்டா. நடுவில், சுற்றியிருந்தவர்கள் விழுந்தபின், கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தரையில் கிடந்த ஒரு துப்பாக்கியை எடுத்து நிரப்பிச் சுட்டுக்கொண்டிருந்தார் கொடிபிடித்த சார்ஜெண்ட் ஆண்ட்ரூ டோசியர். அவர் 2ஆவது மெயினிலிருந்து வந்தவர்.

தோட்டா தீர்ந்தபோது துப்பாக்கி முனையில் பயனெட் என்னும் கத்தியைச் செருகிக்கொண்டு சரிவில் பாய்ந்தார்கள். மடங்கியிருந்த இடப்பக்கம் கதவு சுழல்வதுபோல் சுழன்று இறங்கியது. முன்னரே இடப்புறம் அனுப்பியிருந்த ஒரு கம்பெனி, கற்சுவர் மறைவிலிருந்து எழுந்து சுட்டது. அந்தப் பாய்ச்சலைத் தொடங்கியது சேம்பர்லெனின் உத்தரவா, காயப்பட்டவர்களை மீட்க முன்னேறிய லெப்டினன்ட் மெல்ச்சரா என்று உடனிருந்தவர்களே பின்னாளில் வாதிட்டார்கள். தாம் ஏற்கெனவே பின்வாங்கச் சொல்லிவிட்டதாக ஓட்ஸ் எழுதினார். அவருடைய ஆட்கள் அன்று 40 கிலோமீட்டருக்குமேல் நடந்து வந்தவர்கள். தண்ணீர் நிரப்பப் போனவர்கள் திரும்பி வரவில்லை. இவற்றையெல்லாம் சேர்த்துச் சொல்வதால் குன்றில் நின்றவர்களின் பெருமை குறைந்துவிடாது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் மாண்டோ காயம்பட்டோ விழுந்தார்கள்.

1864 ஜூன் 18 அன்று, பீட்டர்ஸ்பர்க்கில் பிரிகேடை நடத்திச் சென்றபோது, ஒரு குண்டு சேம்பர்லெனின் வலது இடுப்பில் புகுந்து மறுபக்கம்வரை துளைத்தது. வாளைத் தரையில் ஊன்றி, அதன்மேல் சாய்ந்து, தம் ஆட்கள் கடந்து போகும்வரை நின்றபின்தான் விழுந்தார். பிழைக்க மாட்டார் என்று எண்ணி, வடக்குப் படைகளின் தலைமைத் தளபதி கிராண்ட் அவரைப் பிரிகேடியர் ஜெனரலாக உயர்த்தினார். செய்தித்தாள்கள் மரணச் செய்தியே வெளியிட்டன. நவம்பரில் அவர் படைக்குத் திரும்பினார். அந்தக் காயம் முழுதாக ஆறவே இல்லை. 1914 பிப்ரவரியில், 85ஆம் வயதில், அதன் விளைவாகவே இறந்தார்.

1865 ஏப்ரல் 12 அன்று, அப்போமாட்டாக்ஸில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் படை ஆயுதங்களை ஒப்படைக்க வந்தபோது, வடக்கு அணிவகுப்புக்குத் தலைமை வகித்தவர் சேம்பர்லென். தோற்றவர்கள் நெருங்கியதும், தம் ஆட்களைத் துப்பாக்கியைத் தோளோடு நிமிர்த்தி மரியாதை செய்யச் சொன்னார். தலை கவிழ்ந்து குதிரையில் வந்த ஜெனரல் ஜான் கோர்டன் அந்த ஓசை கேட்டு நிமிர்ந்தார். குதிரையைத் திருப்பி, வாள் நுனியைத் தம் காலணியளவுக்குத் தாழ்த்தி, தம் படையையும் பதில் மரியாதை செய்யச் சொன்னார். பின்பு அவர்கள் துப்பாக்கிகளை அடுக்கி, கிழிந்த கொடிகளை அவற்றின்மேல் சாய்த்துவிட்டு, வெறுங்கையுடன் ஊர்களை நோக்கி நடந்தார்கள்.

நன்றி, வணக்கம்.