சாவி கொடுத்தால் ஓடும் ரயில்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் பரணை ஒழித்துக்கொண்டிருந்தேன். மூலையில் இருந்த ஒரு பெட்டியை இழுத்ததும் உள்ளே தகரத்தோடு தகரம் உரசியது. அந்தச் சத்தம் போதும், திறக்காமலே தெரிந்துவிட்டது. என் ரயில்கள்!

பத்து வயதில் ஆரம்பித்த பழக்கம். மற்ற பிள்ளைகள் புது பொம்மை கேட்டபோது, எனக்குப் பழைய ரயில்கள்மேல்தான் ஆசை. உறவினர் வீடுகளில் ‘இது ஓடாது’ என்று ஒதுக்கியதையெல்லாம் கேட்டு வாங்கி வருவேன். அப்படிச் சேர்ந்தவை மூன்று எஞ்சின், ஒன்பது பெட்டி, ஒரு வட்டத்துக்குத் தண்டவாளம். அப்புறம் படிப்பு, வேலை என்று முப்பது வருஷம் ஓடிவிட்டது.

வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் எப்படி ஓடின என்று அப்போது நான் யோசித்ததே இல்லை. இப்போது அளந்து பார்த்தேன். 32 மில்லிமீட்டர். சேகரிப்பவர்கள் ‘ஓ கேஜ்’ என்று சொல்லும் அகலம். 1891-ல் ஜெர்மனியின் லைப்சிக் சந்தையில் மேர்க்லின் என்ற பொம்மை நிறுவனம், இன்னின்ன அகலம்தான் என்று நிர்ணயித்த தண்டவாளங்களோடு தன் ரயிலைக் கொண்டுவந்தது. இன்றைக்கு ஒரு வண்டி, அடுத்த பிறந்தநாளுக்கு இன்னொன்று என்று சேர்த்துக்கொண்டே போக வழி பிறந்தது அப்படித்தான்.

முதலில் ஒரு பச்சை எஞ்சினைக் கையில் எடுத்தேன். சாவி போட்டுத் திருப்பினால் ஸ்பிரிங் இறுகியது, சக்கரம் அசையவில்லை. பழைய எண்ணெய் பிசினாக இறுகிப் பற்சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. பிரித்தால்தான் துடைக்கலாம். இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-ல் கொண்டுவந்த சாவி ரயில்களை நட்டு போல்ட்டைக் கழற்றியே பிரித்துப் பூட்டலாம். என்னுடையது அப்படி இல்லை. சின்னச் சின்னத் தகர நாக்குகளைத் துளையில் நுழைத்து மடக்கிய வேலை. நாலைந்து தரம் நிமிர்த்தி மடக்கினால் நாக்கு முறிந்துவிடும். சிறுவயதில் நானே இரண்டை முறித்திருக்கிறேன், அந்த இடம் இன்னும் ஆடுகிறது. அதனால் இந்த முறை பிரிக்காமல், பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டு மூன்று மாலை துடைத்தேன். பிறகு ஊசிமுனையால் அச்சுக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அதற்கு மேல் விட்டால் தூசிதான் சேரும்.

இன்னொரு எஞ்சினின் சக்கரங்கள் வீங்கி, வெடிப்பு விட்டிருந்தன. தொட்டதும் ஒன்று பிஸ்கட் போல உதிர்ந்தது. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. பெட்டியின் ஈரம்தான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஈரம் அதை வேகப்படுத்தும், அவ்வளவுதான். வார்க்கும்போதே துத்தநாகக் கலவையில் கொஞ்சம் ஈயம் சேர்ந்துவிட்டால், வருஷக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு வரும். இதற்கு மருந்து கிடையாது, வேறு சக்கரம்தான் தேடிப் போட வேண்டும்.

பெயின்ட் உரிந்த இடங்களைப் பார்த்த நண்பர் ஒருவர் புதுசாக அடித்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், தேய்த்தால் அந்தத் தூள் நல்லதல்ல. சின்னக் குழந்தைகள் கையில் இந்த ரயிலைக் கொடுக்காததும் அதனால்தான். அது ஒரு பக்கம். சாவித் துளையைச் சுற்றி நிறம் தேய்ந்து தகரம் பளபளக்கிறதே, எத்தனையோ விரல்கள் பட்டுப் பட்டு வந்தது அது. என் விரலும் அதில் உண்டு. அதை எப்படி மூடுவேன்?

நேற்று ராத்திரி தரையில் வட்டம் போட்டு, பாதி மட்டும் சாவி கொடுத்து விட்டேன். பச்சை எஞ்சின் முழுசாக இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில், ஒரு தண்டவாளத்தின் இணைப்பு ஊசி வளைந்திருந்த இடத்தில் தடம் புரண்டு சாய்ந்தது. சாய்ந்த பிறகும் ஸ்பிரிங் தீரும்வரை சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தது. விளக்கைக்கூட அணைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த ஊசியை நிமிர்த்த வேண்டும்.

நன்றி, வணக்கம்.