ஃப்ரிட்ஜ் மீனும் வாடை சென்சாரும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளில் கடலூர் முதுநகர் ஆகட்டும், புதுச்சேரி பெரிய மார்க்கெட் ஆகட்டும், மேற்குக் கரையிலிருந்து ஐஸ் பெட்டியில் லாரி ஏறி வந்த மீன் கூடுதலாகக் கண்ணில் படும். வாங்கி வந்து பாதியைக் குழம்பு வைத்துவிட்டு மீதியை ஃப்ரிட்ஜில் போடுகிறோம். இரண்டாம் நாள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்ததும் வீடு இரண்டு கட்சியாகிவிடும். ஒருவர் "இன்னும் ஆகும்" என்பார், இன்னொருவர் "தூக்கிப் போடு" என்பார். இந்த வழக்கை ஒரு சென்சார் தீர்க்குமா என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். கடல் மீனின் சதையில் ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு என்று ஒரு பொருள் இயல்பாகவே இருக்கிறது. அதற்கு வாடை கிடையாது. ஷெவனெல்லா போன்ற, குளிரிலும் பிழைக்கத் தெரிந்த பாக்டீரியாக்கள் அதிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்கின்றன. மிஞ்சுவது ட்ரைமெத்திலமைன். கெட்ட மீனின் வீச்சம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். கூடவே அம்மோனியாவும், அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடும் சேரும். ஃப்ரிட்ஜ் இதை நிறுத்துவதில்லை, தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். ஐஸில், அதாவது 0 டிகிரியில், கெடுகிற வேகத்தை ஒன்று என்று வைத்தால் 5 டிகிரியில் அது ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு, 10 டிகிரியில் நாலு மடங்கு. அடிக்கடி திறந்து மூடுகிற வீட்டு ஃப்ரிட்ஜின் கதவுத் தட்டு 10 டிகிரிக்குப் போவது சாதாரணம்.

இனி சென்சார். கல்லூரி மாணவர்கள் ப்ராஜெக்டுக்கு அதிகம் வாங்குவது எம்.க்யூ. 135 என்ற வாயு சென்சார். இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே டின் ஆக்சைடு பூச்சும், அதைச் சூடாக்க ஒரு குட்டி ஹீட்டரும் இருக்கின்றன. ட்ரைமெத்திலமைன் போன்ற அமைன்கள், ஆல்கஹால் இவற்றின் ஆவி பட்டால் பூச்சின் மின்தடை குறையும், அந்தக் குறைவைத்தான் அளக்கிறோம். மாணவர்கள் அழுகிய மீனைக் காட்டி சிவப்பு விளக்கை எரியவைத்துப் பரிசு வாங்கிவிடுகிறார்கள். அழுகிய மீனைக் கண்டுபிடிக்கத் தெருப் பூனையே போதும். முதல் நாள் மீனுக்கும் மூன்றாம் நாள் மீனுக்கும் வித்தியாசம் சொல்கிறதா? அங்கேதான் சிக்கல்.

இந்த சென்சார் அம்மோனியாவை உணரத் தொடங்குவது பத்து லட்சத்தில் பத்துப் பங்கு இருக்கும்போது. நம் மூக்கோ ட்ரைமெத்திலமைனை நூறு கோடியில் ஒரு பங்குக்குக் கீழே கூடப் பிடித்துவிடும். பிறகு சென்சார் எதற்கு? மூக்கு சலித்துப்போகும். காலையிலிருந்து மீன் நடுவே உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குப் பத்து மணிக்கு மேல் எந்த வாடையும் தெரியாது. ராத்திரி முழுக்க ஓடும் லாரியின் மூடிய பெட்டிக்குள் யாரும் மூக்கை வைக்கவும் முடியாது.

சென்சாரை ஃப்ரிட்ஜுக்குள் மாட்டிவிடலாமே என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். மாட்டாதீர்கள். இட்லி மாவு புளிக்கும்போது ஆல்கஹால் ஆவி வரும், எம்.க்யூ. 135 அதற்கும் துள்ளும். மே மாதம் உரித்த பண்ருட்டிப் பலாச்சுளை உள்ளே இருந்தால் கேட்கவே வேண்டாம். குளிரில் அமைன் காற்றுக்கு ஏறவும் ஏறாது, மீனின் ஈரத்தில் கரைந்தே கிடக்கும். எலுமிச்சையோ புளியோ போட்டு அலசினால் கவுச்சி அடங்குவதும் அமைன் இப்படி ஈரத்திலேயே தங்கிவிடுவதால்தான். புளிப்பு அமைனைக் கட்டிப்போடுகிறது, பாக்டீரியா இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதனால் புளித்தண்ணீரில் அலசிய மீனை சென்சாரிடம் காட்டினால் "நல்ல மீன்" என்று பொய்ச்சாட்சி சொல்லும்.

ஆகவே மூடிய பெட்டியில்தான் அளக்க வேண்டும். ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி அல்லது எவர்சில்வர் டப்பா எடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், முந்தின மீனின் வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சென்சார் மூடியில் இருக்கட்டும். ஓட்டையை அடைக்கக் குளியலறை சிலிக்கான் பசையைத் தொடவே கூடாது. அதன் ஆவி டின் ஆக்சைடின் மேல் படிந்தால் சென்சார் செத்தது செத்ததுதான். புதிய சென்சார் என்றால் முதல் தடவை ஒரு நாள் முழுக்க ஹீட்டரை ஓடவிட வேண்டும், அதற்கு முன் வரும் எண் எதையும் நம்பக்கூடாது. ஹீட்டர் ஏறத்தாழ 150 மில்லி ஆம்பியர் இழுக்கும். அதை, சென்சாரின் எண்ணைப் படிக்கும் ஆர்டுயினோ என்ற குட்டி மின்னணுப் பலகையின் பின்னிலிருந்து (pin) கொடுக்காமல் தனி 5 வோல்ட் சப்ளையிலிருந்து கொடுங்கள். வோல்டேஜ் லேசாகத் தொய்ந்தாலும் சூடு குறையும், சூடு குறைந்தால் எண் மாறும், நீங்கள் மீன் மாறியதாக நினைப்பீர்கள்.

அடுத்தது, பலரும் தவறவிடுவது: ஈரம். நம் கடலோரக் காற்றில் ஈரம் காலைக்கும் மதியத்துக்கும் மாறும். மீன் வைத்த டப்பாவுக்குள்ளோ ஈரம் எப்போதும் உச்சத்தில் இருக்கும். ஈரம் ஏறினாலே இந்தப் பூச்சின் மின்தடை இறங்கும், மீனே தேவையில்லை. காய்ந்த காலி டப்பாவில் ஓர் எண், மீன் வைத்தபின் ஓர் எண் என்று எடுத்தால் வித்தியாசத்தில் ஒரு பங்கு வெறும் தண்ணீர் ஆவி. என்ன செய்யலாம்? காலி டப்பாவில் நனைத்த பஞ்சு ஒன்றை வைத்து மூடி, பத்து நிமிடம் கழித்து வரும் எண்ணை அடிப்படையாக வையுங்கள். மறுபடி சொல்கிறேன், காய்ந்த டப்பா அல்ல, ஈரப் பஞ்சு வைத்த டப்பா. பிறகு பஞ்சை எடுத்துவிட்டு, நீர் வடிய விட்ட 50 கிராம் மீன் துண்டு. எப்போதும் அதே 50 கிராம், அதே வயிற்றுப் பக்கம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே வைத்தால் சென்சார் மேல் நீர் கோர்க்கும். மீனைத் தனியாக மூடி வையுங்கள், குளிர் விடட்டும், பிறகு டப்பாவில் பத்து நிமிடம். ஈரப்பஞ்சு மின்தடைக்கும் மீன் மின்தடைக்கும் உள்ள விகிதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அன்று பிடித்த மீனுக்கும் அடுத்தடுத்த நாள் மீனுக்கும் இப்படி எடுத்து வைத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். பக்கத்தில் சாம்பிராணி, கொசுவத்தி, கைக்குத் தடவும் சானிடைசர் கூடாது.

மீனுக்கு மீன் கணக்கு வேறு. சங்கராவுக்கு எடுத்த அளவு திருக்கைக்கும் சுறாவுக்கும் செல்லாது. அவற்றின் சதையில் யூரியா இருப்பதால் அம்மோனியா சீக்கிரமே வந்துவிடும். வீராணம் ஏரிக் கெண்டையில் நான் சொன்ன அந்த ட்ரைமெத்திலமைன் ஆக்சைடு மிகக் குறைவு. அங்கே கெடுப்பது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா, வாடை கந்தகச் சேர்மங்களுடையது. அம்மோனியா சென்சாரை மட்டும் நம்பினால் கெட்டுப்போன கெண்டையும் தேறிவிடும். ஹைட்ரஜன் சல்பைடுக்கு எம்.க்யூ. 136-ஐயும் சேர்த்து வைப்பது நல்லது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நேரம் முடியப்போகிறது என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். மீன் கெட்டால் நிறம் மாறும் லேபிளைப் பற்றிப் பேச நினைத்தேன், அதை விட்டுவிடுகிறேன். ஆனால் உடம்புக்கு ஆகாத ஹிஸ்டமின் என்ற பொருளைப் பற்றிச் சொல்லாமல் போகக்கூடாது. கானாங்கெளுத்தி, சூரை, மத்தி இவை ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் பாக்டீரியா ஹிஸ்டமினை உண்டாக்கும். அதற்கு வாடை இல்லை. சென்சாருக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது, பொரித்தாலும் போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, அரிப்பும் தலைவலியும் படபடப்பும் வந்தால் மருத்துவரிடம் என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள். இந்த மூன்று மீனையும் வாங்கும்போது கடையிலேயே ஐஸ் போட்டுக் கட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். வணக்கம்.