கண்ணுக்குள் பறந்த தூசி

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் 30 வருடம் உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். நிர்ப்பீடனம், அதாவது உடம்பு கிருமியை எதிர்த்து நிற்கும் விதம், என்ற பாடத்தை எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்தப் பாடம் என் இடது கண்ணுக்குள்ளேயே நடந்தபோதுதான், அதில் ஒரு பகுதியை நான் படிப்பிக்கவே இல்லை என்று விளங்கியது.

ஒரு நாள் விடிய எழும்பினால் கண் சிவந்திருந்தது. வெளிச்சம் பட்டால் உள்ளுக்குள் நோ. பீளை இல்லை, இமை ஒட்டவும் இல்லை. கண்நோய் என்று நானே தீர்ப்புச் சொல்லி, பாமசியில் ஒரு துளிமருந்து வாங்கி மூன்று நாள் விட்டேன். உயிரியல் மாஸ்டர் செய்கிற வேலையா இது என்று கேட்பீர்கள். என் மனைவியும் அதைத்தான் கேட்டார்.

நாலாம் நாள் கண் வைத்தியரிடம் போனேன். நாடியைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டியில் முட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார். நூல்போல மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று கண்ணுக்குள் சரிவாகப் போனது. அவர் பேசாமல் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு, "மாஸ்டர், கிடுகுக் கூரையில் ஓட்டை இருந்தால் வெயில் கம்பிமாதிரி இறங்கும், அதில் தூசி பறக்கிறது தெரியும்தானே? உங்கட கண்ணுக்குள்ளே இப்ப அப்படித்தான் இருக்கு" என்றார்.

அந்தத் தூசி ஒவ்வொன்றும் ஒரு வெண்குருதிக் கலம். உடம்பின் வேறு இடங்களில் அதைப் பார்க்க இரத்தம் எடுத்து நுணுக்குக்காட்டியில் வைக்க வேண்டும். கண்ணில் மட்டும் ஒரு விளக்கும் பூதக்கண்ணாடியும் போதும், உயிரோடு நீந்துவதைக் காணலாம். ஒரு மில்லிமீற்றர் சதுர ஒளிக்குள் எத்தனை என்று எண்ணித்தான் வைத்தியர்கள் தரம் பிரிக்கிறார்கள். ஐம்பதைத் தாண்டினால் ஆகக் கடுமையான தரம். எனக்கு இருபது சொச்சம்.

"கிருமி எங்கே டொக்டர்?" என்று கேட்டேன். "கிருமி இல்லை. வந்திருக்கிறது எல்லாம் உங்கட ஆக்கள்தான்."

சரி, அவர்கள் அங்கே வரக்கூடாதா? விரலில் வெட்டுக் காயம் பட்டால் வீங்கும், சிவக்கும், சீழ் பிடிக்கும், கடைசியில் தழும்பு விழும். விரலுக்கு ஒரு தழும்பு பெரிய நட்டமில்லை. ஆனால் கண்ணின் முன்புறக் கண்ணாடியான விழிவெண்படலம் நடுவில் அரை மில்லிமீற்றர் தடிப்புத்தான். அது கொஞ்சம் வீங்கினாலே மங்கிவிடும். மீன் சந்தையில் பாரையின் கண்ணைப் பார்த்துத்தானே வாங்குகிறோம்? பழைய மீனின் கண்ணில் புகை படர்ந்திருக்கும். விழித்திரையோ இன்னும் மோசம், அழிந்த நரம்புக் கலம் அங்கே திரும்ப முளைக்காது. கிருமியைக் கொல்ல வந்த படையே பார்வையையும் கொன்றுவிடும்.

அதனால் கண்ணுக்குத் தனி ஒழுங்கு. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், பிரட்றிக் கோட்டை வாசலால்தான் ஏற வேண்டும். உள்ளே படைமுகாம். ஆனால் மான்கள் மேய்கின்றன, சனம் அர்ச்சனைத் தட்டோடு போகிறது, ஒரு வெடியும் கேட்பதில்லை. கண்ணும் அப்படி ஒரு கோட்டை. விழிவெண்படலத்தில் இரத்தக்குழாயே இல்லை, ஒட்சிசனைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுக்கிறது. விழித்திரையின் குழாய்களுக்கு இறுக்கமான சுவர். அதையும் மீறி உள்ளே நுழைகிற கலங்களை அடக்கிவைக்கும் புரதங்கள், விழிவெண்படலத்துக்குப் பின்னால் இருக்கும் முன்னறை நீரில் கரைந்திருக்கின்றன. வெறிகொண்டு வருகிற கலத்துக்கு 'நீயே செத்துப்போ' என்று கட்டளை கொடுக்கும் புரதம் ஒன்று கண்ணின் உட்சுவரில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது இன்னொன்று: முன்னறைக்குள் அந்நியப் பொருள் ஒன்று விழுந்தால், அதன் அடையாளத்தை எடுத்துக்கொண்டு சில கலங்கள் மண்ணீரல்வரை பயணம் போகின்றன. சண்டைக்கு ஆள் சேர்க்க அல்ல. 'இதைக் கண்டால் பொறுத்துக்கொள்' என்று உடம்பு முழுவதற்கும் பழக்க.

பீற்றர் மெடாவர் என்ற விஞ்ஞானி 1948இல், முயலின் கண்ணறைக்குள் வைத்த அந்நியத் தோல் நிராகரிக்கப்படாமல் பிழைத்திருப்பதை எழுதினார். ஆனால் காரணம் தெரியாமலே காரியம் நடந்துவிட்டிருந்தது. 1905 டிசம்பரில், இன்றைய செக் நாட்டின் ஒலமூக் நகரில், எடுவர்ட் சிர்ம் என்ற வைத்தியர் சுண்ணாம்பால் கண்கள் வெந்துபோன ஒரு தொழிலாளிக்கு ஒரு சிறுவனின் விழிவெண்படலத்தைப் பொருத்தி, பார்வை கொடுத்தார். இன்றுகூட முதல் தடவைச் சத்திரசிகிச்சைக்குச் சிறுநீரகம்போல இழையப் பொருத்தம் பார்ப்பது வழக்கமில்லை. 1961இல் நம் நாட்டு வைத்தியர் ஹட்சன் சில்வா தொடங்கிய கண்தானச் சங்கம் 1964இல் சிங்கப்பூருக்குக் கண் அனுப்பத் தொடங்கியதும், படை கண்ணுக்குக் கொடுக்கும் இந்தச் சலுகையை நம்பித்தான். பழைய காயத்தால் படலத்தில் குழாய்கள் முளைத்துவிட்ட கண்ணில் மட்டும் சலுகை குறைந்துவிடும்; அங்கே நிராகரிப்பு அதிகம்.

கண்ணின் புரதங்களைப் படையின் பார்வையில் படாமல் இப்படி ஒளித்துவைப்பதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு கண்ணில் ஆழமாகக் குத்துப்பட்டு உள்ளேயிருந்த புரதங்கள் வெளியே தெரியவந்தால், படை அவற்றை அந்நியம் என்று நினைத்து, சில கிழமையோ மாதமோ கழித்து, காயப்படாத மற்றக் கண்ணையும் தாக்கலாம். அரிதுதான். ஆனால் வெல்டிங் செய்கிற தம்பிமார், தூண்டில் முள்ளோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டு வையுங்கள். குத்துப்பட்ட கண் ஆறிவிட்ட பிறகு மற்றக் கண் மங்கினால், அன்றைக்கே ஓடுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். "விடியற்காலையில் இடுப்பு விறைக்குமா?" என்று வைத்தியர் கேட்டார். விறைக்கும், வயது என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது கதிராளி அழற்சி, கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தில் வருகிற வீக்கம். முதுகெலும்பில் வருகிற ஒருவகை வாதமும் அதுவும் பல பேருக்குக் கூட்டாளிகள். அழற்சியை அடக்கும் பால்போன்ற ஸ்டீரொயிட் மருந்தை நன்றாகக் குலுக்கி, மணிக்கு ஒரு துளி விடச் சொன்னார். கதிராளி வில்லையோடு ஒட்டிவிடாமல் கண்மணியை விரிக்க இன்னொரு மருந்து. அதை விட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனேன், பகல் வெயிலில் கண் திறக்க முடியவில்லை. பேத்திதான் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஒன்று சொல்லவேண்டும்: அதே ஸ்டீரொயிட்டை வைரசுப் புண் உள்ள கண்ணில் விட்டால் புண் படலத்தைத் தின்றுவிடும். பக்கத்து வீட்டுச் சிவந்த கண்ணுக்கு என் போத்தலைக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கோபம் இருக்கிறது.

ஆறு கிழமை கழித்து மறுபடி அந்த விளக்கு. வைத்தியர் எண்ணவில்லை, எண்ண ஒன்றும் இருக்கவில்லை. "வெறும் வெளிச்சம்தான் மாஸ்டர்" என்றார்.