மேலே நிற்க வேண்டும், திரும்பி வர வேண்டும்

வணக்கம். காலையில் உங்கள் பட்டறையில் நீங்கள் செய்த வேவு ட்ரோனைப் பார்த்தேன். அதன் கேமராவைப் பற்றி அரை மணி நேரம் ஆசை ஆசையாக விளக்கினீர்கள். "எவ்வளவு நேரம் மேலே நிற்கும்?" என்று நான் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். அதனால் எழுதி வந்ததை விட்டுவிட்டு அந்தக் கேள்வியைப் பற்றியே பேசுகிறேன்.

போர்க்களத்தில் தளபதி கேட்பது ஒன்றுதான்: அந்த மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது? அதைப் பார்த்துச் சொல்ல அமெரிக்கத் தரைப்படை 1970களில் அக்விலா என்ற ஆளில்லா விமானத்தைத் தொடங்கியது. எதிரி டாங்கியைக் கண்டுபிடித்து பீரங்கிப் படைக்குச் சொல்ல வேண்டும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. குண்டுக்கு லேசரால் குறி காட்ட வேண்டும், எதிரி குழப்ப முடியாத ரேடியோ இணைப்பு வேண்டும், இரவிலும் பார்க்க வேண்டும். லாரியிலிருந்து ஏவி வலையில் பிடிக்கிற சின்ன விமானத்துக்குள் இத்தனையும்! சோதனையில் 105 முறை பறந்ததில், கேட்டதை முழுதாகச் செய்தது 7 முறைதான். 100 கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு 1980களின் பிற்பகுதியில் கைவிட்டார்கள்.

அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஒரு வீட்டுக் கார் கொட்டகையில் ஆப்ரகாம் கரெம் என்ற பொறியாளர் வேலை செய்துகொண்டிருந்தார். பாக்தாதில் பிறந்து, இஸ்ரேலில் படித்து, 1977இல் அமெரிக்கா வந்தவர். மாதிரி விமானம் செய்வதில் தீராத பித்து. கேமராவை அவர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார். முதலில் விமானம் விழக் கூடாது.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். உங்கள் ட்ரோன் 3 மணி நேரம் பறக்கும், இடத்துக்குப் போக 1 மணி, வர 1 மணி என்றால் பார்க்கக் கிடைப்பது ஒரே மணி நேரம். அந்த ஒரு மணியில் எதிரி மரத்தடியில் அசையாமல் இருந்துவிட்டால் போதும். 24 மணி நேரம் நிற்கிற விமானத்துக்கு 22 மணி கிடைக்கிறது. அத்தனை நேரம் யாராலும் அசையாமல் இருக்க முடியாது. அதனால்தான் கரெம் கிளைடர் போல நீளமான ஒல்லி இறக்கை வைத்தார். மெதுவாகப் பறக்கும், எரிபொருளை உறிஞ்சாது. அவருடைய அல்பட்ராஸ் என்ற விமானம் 56 மணி நேரம் வானில் நிற்கக்கூடியது என்று காட்டியது. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா பணம் கொடுத்தது. அடுத்து வந்த ஆம்பர் 1988இல் 38 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. அதன் வால் தலைகீழ் 'வி' வடிவம். இறங்கும்போது பின்னால் இருக்கிற விசிறி தரையில் உரசாமல் அந்த வால் காக்கும். இப்படி ஒரு சின்ன யோசனையைத்தான் நான் பொறியியல் என்பேன்.

ஆம்பர் திட்டம் 1990இல் நின்றது. கரெமின் நிறுவனம் நொடித்தது, ஜெனரல் அட்டாமிக்ஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது. அவர் வடிவமைத்த நாட் 750 என்ற ஆளில்லா விமானம் போஸ்னியாப் போரை வேவு பார்த்தது. ஆனால் அதன் படங்களைத் தரைக்குக் கடத்த இடையில் ஆள் ஓட்டும் இன்னொரு விமானம் வேண்டியிருந்தது. அந்த விமானம் இறங்கினால் படமும் போச்சு. நாட் 750ஐ வளர்த்துச் செய்து, 1994 ஜூலையில் முதன்முதலாகப் பறந்த பிரிடேட்டருக்கு மூக்கு உப்பியிருப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதற்குள் செயற்கைக்கோள் ஆன்டெனா. இடைத்தரகு விமானம் இனி வேண்டாம்.

மறு ஆண்டே அதை போஸ்னியாவுக்கு அனுப்பினார்கள். சுட்டு வீழ்த்தப்பட்டதும் உண்டு, எஞ்சின் நின்று விழுந்ததும் உண்டு. இறக்கையில் பனி உறைந்து பெரும் தொல்லை. பிறகு உறையாத திரவம் இறக்கையின் முன் விளிம்பில் கசியும்படி மாற்றினார்கள்.

2001இல் அதில் ஏவுகணை மாட்டினார்கள். அது கரெமின் நோக்கம் இல்லை. ஆளேறும் விமானத்துக்கு உள்ள நம்பகம் ஆளில்லாததற்கும் வேண்டும் என்றுதான் அவர் உழைத்தார். மேட்டுக்குப் பின்னால் எட்டிப் பார்க்க ஒரு பையனை அனுப்ப வேண்டியதில்லை என்பதுதான் என்னை இந்தத் துறைக்கு இழுத்ததும்.

சரி, இப்போது பட்டறைக்குப் போவோம். உங்கள் ட்ரோன் எத்தனை முறை விழுந்தது, ஏன் விழுந்தது என்று எழுதிய நோட்டு இருந்தால் எடுத்து வையுங்கள். கேமராவுக்கு முன் அதைப் பார்க்கிறேன்.