வரிசையில் நின்று ஆடுகிறவர்களுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி நெருங்கினால் நம் ராமநாதபுரம் கடலோர ஊர்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சலங்கைச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். முளைக்கொட்டுத் திருவிழாவுக்கான ஒத்திகை அது. ஒரு பக்கம் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மியடிப்பார்கள். இன்னொரு பக்கம் ஆண்கள் கையில் வண்ணத் துணியோடு வரிசை கட்டி ஒயிலாட்டம் ஆடுவார்கள். இப்போது பெண் பிள்ளைகளும் ஒயிலுக்கு வந்துவிட்டார்கள், பள்ளி விழா மேடைகளிலும் ஆடுகிறார்கள். எனக்கு அதில் அளவில்லாத சந்தோஷம்.

புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் சீக்கிரமே ஒரு கேள்வி கேட்பார்கள்: "எல்லாரும் ஒரே மாதிரி ஆடினா, நான் ஆடுறது எப்படித் தெரியும்?" நியாயமான கேள்விதான். வரிசை ஆட்டத்தில் உங்களுக்கென்று ஓர் அழகு நிச்சயம் உண்டு. ஆனால் அது காலில் இல்லை. கால் வரிசைக்குச் சொந்தம், மற்றதெல்லாம் உங்களுக்கு. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில் கால். ஒயிலில் வாத்தியார் ஓர் அடி பாடுவார், ஆடுகிறவர்கள் அதைத் திருப்பிப் பாடிக்கொண்டே அடவு வைப்பார்கள். வள்ளி திருமணமாக இருக்கலாம், ராமாயணமாக இருக்கலாம். மெதுவாக ஆரம்பித்துப் போகப் போக வேகம் ஏறும். அதனால் அடவை எண்ணிப் பழகுவதைவிடப் பாடிப் பழகுவது நல்லது. 'தன்னானே தானே' என்று வாய் போகட்டும், கால் அதன் பின்னால் வரும். துணியும் சலங்கையும் அப்போது வேண்டாம். பாடிக்கொண்டே அடவு வைத்து, நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கால் தவறவில்லையென்றால் அடவு படிந்துவிட்டது என்று அர்த்தம்.

மணலில் பழகலாமா என்று கேட்கிறார்கள். தாராளமாகப் பழகலாம். மணல் காலை உள்ளே இழுக்கும், அதனால் முழங்காலைத் தூக்கி வைக்கிற பழக்கம் தானாக வரும். ஆனால் தாளம் சரியாக விழுகிறதா என்பதை மணல் சொல்லாது, சத்தத்தை விழுங்கிவிடும். அதற்குக் கெட்டித் தரை வேண்டும். பல ஊர்களில் புயல் பாதுகாப்பு மையத்துச் சிமெண்டுத் தரை இருக்கிறது, பள்ளிக்கூட வாசல் இருக்கிறது. அங்கே வெறுங்காலோடு பத்துப் பேர் ஒன்றாக மிதித்தால் ஒரே ஓசை வர வேண்டும். ஒருவர் பிந்தினாலும் காது கண்டுபிடித்துவிடும்.

அப்புறம், திரும்புகிற இடம். புதிதாக ஆடுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முன்னால் நிற்கிறவரைப் பார்த்தே ஆடிப் பழகியிருப்பார்கள். வரிசை சட்டென்று திரும்பியதும் அவர் பின்னால் போய்விடுவார், இப்போது இவர்தான் முதல் ஆள். பார்த்துச் செய்ய யாரும் இல்லை. அதனால் எல்லாரையும் மாற்றி மாற்றி முதலில் நிறுத்திப் பழக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நன்றாக ஆடுகிறவரையே எப்போதும் முன்னால் நிறுத்துகிற குழு, அவர் ஒருநாள் வராவிட்டால் நின்றுபோகும்.

செல்போனில் வீடியோ பார்த்துக் கற்கிற தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்கிறேன். நமக்கு முகம் காட்டி ஆடுகிறவரின் வலது கால், நம் பார்வைக்கு இடப்பக்கம் தெரியும். அப்படியே பழகினால் வரிசைக்குள் வரும்போது பக்கத்து ஆளோடு மோதுவீர்கள். முதுகு காட்டி ஆடுகிற வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

சரி, கால் படிந்துவிட்டது. இனி உங்கள் அழகு எங்கே வரும்?

2020-இல் ஊரடங்குக் காலத்தில் உலகமெங்கும் ஆடிய 'ஜெருசலேமா' ஆட்டம் நினைவிருக்கும். பாட்டு தென்னாப்பிரிக்காவுடையது. அந்த வரிசை ஆட்டத்தைப் பரப்பிவிட்டது அங்கோலா நாட்டு நடனக் குழு ஒன்று. சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்து, சாப்பிட்டுக்கொண்டே ஆடினார்கள். கால் எல்லாருக்கும் ஒன்றுதான், கையில்தான் தட்டு! பிறகு மருத்துவமனை ஊழியர்களும் காவலர்களும் அதே அடவை அவரவர் உடுப்பில், அவரவர் கைவீச்சில் ஆடினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 24-இல் வந்த மரபு நாளன்று எல்லாரும் ஆடுங்கள் என்று தென்னாப்பிரிக்க அதிபர் சிரில் ரமபோசாவே மக்களைக் கேட்டுக்கொண்டார்.

நமக்குத் தட்டு இல்லை, துணி இருக்கிறது. ஒயிலாட்டத்தில் கைத்துணிதான் ஆடுகிறவரின் கையெழுத்து. ஒருவர் மணிக்கட்டைச் சுண்டி வீசுவார், துணி சட்டென்று விரிந்து மடங்கும். இன்னொருவர் தோளிலிருந்து வீசுவார், துணி நிதானமாகப் போய்த் திரும்பும். இரண்டும் தாளத்தில் வந்து சேர்ந்தால் இரண்டும் சரி. ஆடியில் தென்கடல் பக்கம் கச்சான் காற்று துணியைப் பிடுங்கும். காற்றை எதிர்த்து வீசினால் துணி முகத்தில் விழும், காற்றோடு விட்டுப் பிடித்தால் தானே பறக்கும். அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொருவரும் தனக்கொரு வீச்சு கண்டுபிடிக்கிறார்கள். நான் அதைத் திருத்துவதே இல்லை.

உடம்பு செய்கிற வேலையும் ஆட்டத்தில் வந்துவிடும். கரைவலை இழுத்துப் பழகியவர் முதுகைச் சாய்த்து, குதிகாலை ஊன்றி நிற்பார். வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டுக்கு எல்லாரோடும் சேர்ந்து கயிறு இழுத்த உடம்பு அது, வரிசை என்றால் என்னவென்று அவருக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். ஏர்வாடிப் பக்கம் பாசி எடுக்கக் கடலில் இறங்குகிற அக்காமாரைக் கவனியுங்கள். பாறையில் கால் வைக்குமுன் பாதத்தால் தடவிப் பார்த்து வைப்பார்கள். அவர்கள் கும்மியில் அடி வைக்கும்போது அதே பதமான நிதானம் தெரியும். இப்படி ஒருவரின் ஆட்டத்தைப் பார்த்து, இவர் கடலில் இறங்குகிறவர் என்று அறிய முடிகிறதே, அதைவிடப் பெரிய தனித்துவம் எந்த மேடையிலும் கிடைக்காது. சினிமா ஆட்டத்திலிருந்து ஒரு குலுக்கலை எடுத்து ஒட்டவைக்கத் தேவையே இல்லை. உங்கள் கழுத்து இயல்பாக எந்தப் பக்கம் சாய்கிறதோ, குனியும்போது இடுப்பு எவ்வளவு மடங்குகிறதோ, அதை மறைக்காமல் ஆடுங்கள். சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

தொடக்கூடாதவை இரண்டு. ஒன்று தாளம். வேகம் ஏறுகிற கட்டத்தில் உற்சாகத்தில் முந்திப் போய்விடுவார்கள். அது வேகமில்லை, அவசரம். மற்றொன்று இடைவெளி. பக்கத்து ஆள் துணி வீச இடம் இல்லாமல் நீங்கள் விரிந்து ஆடினால், அவருடைய அழகை நீங்கள் எடுத்துக்கொண்டதாக ஆகிவிடும்.

இந்த ஆண்டு புதிதாகச் சேர நினைப்பவர்கள் உங்கள் ஊர் வாத்தியாரிடம் ஆனி மாதமே போய் நில்லுங்கள். காப்புக் கட்டிய பிறகு போனால் அவருக்குச் சொல்லித்தர நேரம் இருக்காது. துணி பருத்தியில் இருக்கட்டும், பட்டுபோல வழுக்குகிற துணி வியர்த்த கையில் நிற்காது. சலங்கையை வாத்தியார் கட்டச் சொல்லும்போது கட்டினால் போதும்.

நன்றி, வணக்கம்.